ஜீப்பில் போட்ட துண்டு

நெல்லிவாசல்நாட்டிலிருந்து திருப்பத்தூர் போகும் ஜீப் நிற்பதற்குள் பாஞ்சாலையின் துண்டு சீட்டில் விழுந்திருக்கும். அதை நகர்த்தி உட்கார யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. மடியில் புளிக்கூடையோடு, வளைவுக்கு வளைவு டிரைவர் ரங்கனை வம்புக்கு இழுத்துக்கொண்டே வருவாள். அந்தக் குரலை நினைத்தால் டீசல் வாசனையும் புளி வாசனையும் சேர்ந்தே வருகின்றன.

எண்பத்துமூன்றாம் வருஷம் அவளுக்கு மேல் வயிற்றில் எரிச்சல் கண்டது. சாமைச் சோறு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. நான் மருந்து கட்டிக்கொடுத்துவந்த திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபகுமாரி புதிதாக வந்திருந்த மாத்திரையைக் கொடுத்தார். வாய் வழியே குழாய் விட்டுப் பார்க்கும் கருவி வெளியூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் இருக்கும். அன்றைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

அந்த வாரமே எரிச்சல் போய்விட்டது. கருவி வந்த அன்று, புளி விற்கும் வேலையும் இருந்ததால்தான் புருஷன் கோபால்சாமியோடு கீழே இறங்கினாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் துன்னலீங்க. ரெண்டு சொம்பு கூழு குடிச்சேன், அவ்ளோதான்."

மலையில் கூழ் தண்ணீர்க் கணக்கு. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னிக்குப் பார்க்க முடியாதும்மா. ராத்திரி தங்குங்க, நாளைக்குக் காலையில பார்ப்போம்."

கோபால்சாமிக்குப் பொறுக்கவில்லை. "வலி இல்லாதவளுக்கு இன்னாங்க வைத்தியம்? களத்துல அறுத்த கேவுரு அப்படியே கெடக்குது."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வயிற்றில் ஹிஸ்டமின் என்று ஒன்று ஊறுகிறது. அதற்கென்று இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால் அமிலம் சுரக்கும். இந்த மாத்திரை முந்திப் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றார்.

"ஜீப்புல துண்டு போடற மாதிரிங்களா?" என்றாள் பாஞ்சாலை.

"அதேதாம்மா."

"எரிச்சல் பண்றவன் உக்கார எடமில்ல. செரி. உள்ள புண்ணு இருந்துச்சுன்னா?"

"அது என்ன புண்ணுன்னு மாத்திரைக்குத் தெரியாது. புத்துப் புண்ணா இருந்தாலும் எரிச்சல் அடங்கிடும். வலி இல்லையேன்னு நீங்களும் வராம இருந்துடுவீங்க."



சாயங்காலம் ஜீப் புறப்படத் தயாராக நின்றது. கோபால்சாமி அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்து, துண்டைப் போட்டு வைத்திருந்தார். "ஏறு. வர்ற மாசம் பாத்துக்கலாம்."

அவள் ஏறவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். கூடையோடு நின்றிருந்த அம்மாக்கண்ணுவைப் பார்த்து, "நீ குந்து" என்றாள்.

"இன்னாக்கா, சீட்ட உட்டுக் குடுக்கறியா? மழ வரப்போவுது" என்றான் ரங்கன்.

"நாளிக்கு வர்றேன். வண்டிய ஒழுங்கா ஓட்டு."

கோபால்சாமி இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

மறுநாள் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குழாயில் தெரிந்தது சிறிய புண்தான். கிள்ளியெடுத்த சதையைச் சோதித்ததில் புற்று என்று வந்தது. இன்னும் ஆழமாக இறங்கவில்லை. வேலூரில் அறுத்து, வயிற்றில் பாதியை எடுத்தார்கள்.

அதன்பின் புளிக்கூடையோடு ஒரு தூக்குச்சட்டியும் அவள் மடியில் ஏறியது. வளைவுக்கு ஒரு வாய் சாப்பிடுவாள்.

"வயிறே பாதிதான், எதுக்குக்கா முழு சீட்டு?" என்பான் ரங்கன்.

"அப்போ பாதி டிக்கெட் வாங்கிக்கோ" என்பாள், வாயில் களியோடு.