எக்ஸ்பிரஸ்காரரின் நாலாவது ஊர்

எக்ஸ்பிரஸ்காரர் உட்கார்ந்தால் கால் ஆடும், எழுந்து நின்றால் கழுத்து ரோட்டுப் பக்கம் நீளும். ஆயுசில் பாதிக்கு மேல் தொலைதூர பஸ் ஓட்டிய மனுஷன். அந்த வேலை கொடுத்த பேர்தான் எக்ஸ்பிரஸ். பெற்றவர்கள் வைத்த பேர் பென்ஷன் காகிதத்தோடு சரி.

ஓய்வுக்கப்புறம் வெளிநாட்டில் போய்க் குடியிருப்போம் என்ற எண்ணமும் அவருக்கு பஸ்ஸில் வந்ததுதான். கடைசிச் சில வருஷம் சுற்றுலா வண்டி ஓட்டினார். ஜோடி ஜோடியாகத் தொப்பி மாட்டிய வெளிநாட்டுக் கிழடுகள் ஏறுவார்கள். குளிருக்கு ஒரு நாடு, கோடைக்கு ஒரு நாடு என்று இருப்பவர்கள். வாடகை குறைச்சலாக, ஆஸ்பத்திரி பக்கத்தில், காய்கறி பச்சென்று கிடைத்தால் போதும், அங்கே டேரா போட்டுவிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு இவர் மண்டைக்குள் பூச்சி புகுந்துவிட்டது.

மனைவி மறுக்கவில்லை. ஒரு பேச்சு மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"வர்றேன். ஆனா ஒரே ஊர். போய் உக்காந்தா உக்காந்ததுதான்."

"அதுக்குத்தானே போறோம்?" என்றார். சொன்ன நேரத்தில் மனசாரத்தான் சொன்னார்.

முதல் ஊர் கடலோரம். மீன் மலிவு, காற்று ஓசி. ஆனால் துணி காயமாட்டேன் என்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். இரண்டாவது மலை ஊர். மூட்டு வலி வந்தது மனைவிக்கு. அவள் வாயே திறக்கவில்லை, அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டது இவர். மூன்றாவது ஊரில் எவ்வளவு தேடியும் குறை அகப்படவில்லை. "சப்புன்னு இருக்கு" என்று அங்கிருந்தும் கிளம்பினார்.

நாலாவது ஊரில் ஆறு உண்டு, பாலம் உண்டு, ஒரு ரொட்டிக்கடையும் அதன் மேல் இவர்கள் அறையும் உண்டு. விடிவதற்கு முன்னாலேயே ரொட்டி வேகிற வாசனை படியேறி வந்து கதவைத் தட்டும். மனைவி ஒருநாள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினாள். கடைக்கார அம்மாள் ஒண்டிக்கட்டை, ஆள் வாட்டசாட்டம், ஆனால் வலது தோள் வேலை செய்யாது. மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளை ஒதுங்கச் சொல்லி இவள் கையை உள்ளே விட்டாள். அவள் பாஷை இவளுக்குத் தெரியாது, இவள் பாஷை அவளுக்குத் தெரியாது. மாவு எந்த ஊரிலும் மாவுதானே. மாசம் திரும்புவதற்குள் இவள் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்துவிட்டாள். உப்புக் குறைவாய் வேண்டும் என்கிற கிழவரையும், கருகின ஓரம் கேட்கிற தையல்காரியையும் முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவாள்.

எக்ஸ்பிரஸ்காரர் அந்த நேரமெல்லாம் எதிரே இருக்கிற பஸ் நிலையத்தில் நிற்பார். வண்டி வருவதையும் போவதையும் பார்ப்பார். அவர்களுக்கு முன்பே அந்த ஊரில் வந்து தங்கிவிட்ட நம்மூர்ப் பக்கத்துத் தபால்காரர் ஒருவர் உண்டு, ரிட்டயர் ஆன ஆள். அவருக்கு இவரைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"என்ன எக்ஸ்பிரஸு, அடுத்த ஸ்டாப்பு எதுய்யா?"

"வடக்கே ஒரு ஏரி ஊராம். நல்லா இருக்காம்."

"யார் சொன்னா?"

"இந்த வண்டியில போர்டு போட்டிருக்கே."

"போர்டைப் பார்த்துக் குடும்பம் நடத்துற ஆளை இப்பத்தான்யா பார்க்கிறேன். வீட்டுக்காரம்மா வர்றாங்களா?"

"வராம?"

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி சூப்பை ஊற்றிக்கொண்டே, "நான் வரலைங்க. நீங்க வேணா போயிட்டு வாங்க" என்றாள். "சரி சரி" என்று இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்தார். மூன்றாவது ஊரிலும் முதலில் மாட்டேன் என்றுதானே சொன்னாள், அப்புறம் மூட்டையைக் கட்டவில்லையா?

கிளம்பும் நாளில் பெட்டியை அவரே தூக்கிப்போய் வண்டியின் வயிற்றில் திணித்தார். அறைச் சாவியை அவள் கொடுத்துவிட்டு வருவாள் என்பது அவர் கணக்கு. அவளும் வந்தாள். ரொட்டிப் பொட்டலம் ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"பார்த்துப் போங்க. நான் ஏறலை."

அவர் காது இன்ஜினில் இருந்தது. டக் டக்கென்று என்னவோ உதறியது. "சரி சரி, பின்னாடி போய் உக்காரு" என்றபடி படியேறி, டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்துவிட்டார்.

பின்னாடி என்றதற்குக் காரணம் உண்டு. வேறு ஆள் வண்டி ஓட்டினால் இவர் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும். திருப்பத்துக்குத் திருப்பம் "த்சு, த்சு" என்று சத்தம் வேறு. பக்கத்தில் உட்கார்ந்தால் உயிர் போய்த் திரும்பி வருகிறது என்று மனைவி கடைசி வரிசைக்குப் போய்விடுவாள். இவரும் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. ஏறினவன் இறங்கினவனைப் பார்ப்பது கண்டக்டர் வேலை, ரோட்டைப் பார்ப்பது தன் வேலை என்றே பழகின உடம்பு.

அப்படித்தான் பாலம் போனது, வயல்கள் போயின, ஒரு சுரங்கப்பாதையும் போனது. டிரைவர் பையன் இறக்கத்தில் கியரைக் குறைத்த அழகைப் பார்த்து, "பரவாயில்லையே" என்று தலையாட்டினார். சாப்பாட்டுக்கு வண்டி நின்றபோதுதான் மனைவியைக் கூப்பிடப் பின்னால் போனார்.

கடைசி வரிசையில் ஒரு குண்டு ஆள் வாயைப் பிளந்து தூங்கினார். பக்கத்தில் ஒரு கூடை வெங்காயம். அவ்வளவுதான்.

இறங்கியிருப்பாள் என்று கழிப்பறை வாசலில் போய் நின்றார். உள்ளேயிருந்து வந்த யாரோ ஒரு பெண் அவரை மேலும் கீழும் முறைத்துவிட்டுப் போனாள். ஃபோனைப் போட்டார்.

"எங்கம்மா இருக்கே?"

"கடையில."

"எந்தக் கடையில? இங்க ஒரு கடைதானே இருக்கு?"

"ரொட்டிக்கடையிலங்க."

"நீ... ஏறலையா?"

"ஏறலைன்னு சொன்னேனே! பஸ்கிட்ட நின்னு சொன்னேன். சூப் ஊத்தறப்ப சொன்னேன். துணி மடிக்கறப்ப சொன்னேன். எல்லாத்துக்கும் சரி சரின்னீங்க."

"நீ சும்மா சொல்றேன்னு நினைச்சேன்."

"சும்மா சொல்றதுக்கு நான் என்ன ரேடியோவா?"

"அப்ப ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமில்ல?"

"எப்பத்தான் தேடுறீங்கன்னு பார்க்கலாம்னு இருந்தேன்."

அந்தப் பக்கம் யாரோ ரொட்டி கேட்டார்கள் போல. ஃபோன் நின்றுவிட்டது.

டிரைவர் ஹாரன் அடித்தார். எக்ஸ்பிரஸ்காரருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. போகட்டும், ஏரியைப் பார்த்துவிட்டே வருகிறேன் என்று ஒரு கால் படியில் வைத்தார். வைத்த கால் மேலே ஏறவில்லை. அங்கே போய் நல்லாயிருக்கு என்றாலும் நல்லாயில்லை என்றாலும் யாரிடம் சொல்வது? இறங்கி, பெட்டியை எடுக்க வேண்டும் என்று சைகை காட்டினார். டிரைவர் பையன் இவர் கையிலிருந்த ஃபோனையும் முகத்தையும் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை இறக்கிக் கொடுத்தான். திரும்பிப் போகிற வண்டி வரும்வரை எக்ஸ்பிரஸ்காரர் கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்த நடையில் கடைக்காரருக்கே தலை சுற்றியிருக்கும்.

ஊர் திரும்பியபோது சாயங்கால வியாபாரம். கடை வாசலில் வரிசை. பெட்டியோடு முன்னால் போகப் பார்த்தவரை உப்புக் குறைந்த கிழவர் தடியால் தடுத்து, பின்னால் போகச் சொல்லிக் கை காட்டினார். போய் நின்றார். முழங்கை வரை மாவோடு நின்ற மனைவி, அவர் முறை வந்தபோதுதான் நிமிர்ந்தாள்.

"கொடுத்தனுப்பின ரொட்டியைத் தின்னீங்களா?"

"இல்லை."

"மேல போங்க. கடை அடைச்சிட்டு வர்றேன்."

மேலே வந்ததும் அவர்தான் ஆரம்பித்தார். "ஊர் சிரிக்கிற மாதிரி பண்ணிட்டியே."

"சிரிக்கட்டும். அந்தக் காலத்துல வண்டி ஓட்டிட்டு எந்த நேரத்துல வந்தாலும் வீடு வச்ச இடத்துல இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"தானாவா இருந்துச்சு? நான் வச்சிருந்தேன். இங்க வந்து மூணு ஊர்ல அடுப்பைப் பத்த வச்சு, சூடு ஏறுறதுக்குள்ள அணைச்சிட்டுக் கிளம்பினேன். இனிமே முடியாது. உங்களைச் சுத்தாதீங்கன்னு நான் சொல்லலை. என்னைத் தூக்கிட்டுச் சுத்தாதீங்கன்னு சொல்றேன்."

அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் போர்வையை உதறப் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அடுப்புக்கு விறகு போட்டார், பாலத்தில் நடந்தார், தபால்காரரின் வாய்க்குத் தீனியானார். அப்புறம் ஒரு காலையில் பஸ் நிலையத்து ஜன்னலில் போய் நின்று, ஏரி ஊருக்குப் போகவும் வரவும் டிக்கெட் வேண்டும் என்று விரலால் காட்டினார். உள்ளே இருந்த பெண் நாள்காட்டியைத் திருப்பி, திரும்பி வருவது என்றைக்கு என்று கேட்டாள்.

எக்ஸ்பிரஸ்காரர் முழித்தார். வரிசையை விட்டு விலகி, தெருவைத் தாண்டி, ரொட்டிக்கடைக்குள் தலையை நீட்டினார்.

"ஏம்மா, என்னிக்குத் திரும்பட்டும்?"

அவள் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுங்க. மாவு மூட்டை வருது, இறக்க ஆள் இல்லை."

"சரி" என்றார், ஒரே தடவை. வேகவேகமாகத் தெருவைக் கடந்து மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.