ரேகை முளைக்க ஒரு வாரம்

விரல் வைத்தால் பணம் தரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைவது என் தொழில். பெயர்தான் வங்கி முகவர், பாதி நேரம் ஊரார் விரலைத் துடைத்துவிடும் வேலை. இந்த மெஷினைக் கட்டி அழுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தேய்ந்த விரல்

மேலப்பாளையம் மைமூன் அக்கா இருபது வருடமாகப் பீடி சுற்றுகிறார். மகளின் நர்சிங் படிப்புக்காக, ஆட்டோ ஓட்டும் கணவருக்குத் தெரியாமல் ஒரு கணக்கில் சேர்த்து வந்தார். ஏடிஎம் கார்டு வாங்கினால் அது கணவர் சட்டைப்பைக்குப் போய், ஆட்டோ டயராகத்தான் திரும்பும் என்று வாங்கவே இல்லை. ஃபீஸ் கட்டப் பத்து நாள் இருக்கும்போது பணம் எடுக்க வந்தார். பத்து விரலும் தேய்ந்துபோயிருந்தன. மெஷின் ஒன்றையும் ஏற்கவில்லை. வங்கியில் கேட்டால், சாட்சிக்குக் கணவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். ஒரு வாரம் பீடி சுற்றாமல் இருந்தால் ரேகை தெளியும் என்றேன்.

“ரேகை வரும் தங்கச்சி, சோறு எங்கன இருந்து வரும்?”

கதவடைத்த பீடி

ரேஷன் கடையிலும் ரேகை விழவில்லை, ஒரு வாரம் எனக்குப் பதிலாக நீங்க பீடி சுற்றணும், இல்லையென்றால் இனி நீங்கதான் வரிசையில் நிற்கணும் என்று அக்கா, கணவர் அசனிடம் சொன்னார். அது பொய்யில்லை, பாதி உண்மை. பெண்களோடு ரேஷன் வரிசையில் நிற்பதைவிட வீட்டுக்குள் பீடி சுற்றுவது மானமாகப் பட்டதால், அசன் ஆட்டோவை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, இலையும் தூளும் பரப்பிய சுளவை மடியில் வைத்து உட்கார்ந்தார். முதல் நாள் சுற்றியதில் பாதியைப் பீடிக்கடைக்காரர் சரியில்லை என்று கழித்துவிட்டார். நான் எட்டிப் பார்த்தபோது அசன் முதுகைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் கேட்டார்.

“ஏ மைமூனு, தெனமும் இம்புட்டையும் நீ ஒத்தையாவா சுத்துத?”

எட்டாம் நாள்

அக்காவின் கட்டைவிரல் ரேகை முதல் தடவையே மெஷினில் விழுந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்து நிமிர்ந்தால் எதிரே அசன் நிற்கிறார். “இது எந்த ரேஷன் கடை அரிசி?” என்றார். “மவ படிப்பு” என்றார் அக்கா. அசன் ஆட்டோ டயருக்குத் தன் கணக்கிலிருந்து எடுக்க விரலை நீட்டினார். இலை வெட்டும் கத்தரி பட்டு எல்லா விரலிலும் கீறல், கட்டைவிரலில் துணிச்சுற்று. மெஷின் மூன்று முறை மறுத்தது. அக்கா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்.

“ஒரு வாரம் சுத்தாம இருங்க, முளைச்சிரும்.”

மகள் இப்போது முதல் வருடம் படிக்கிறாள், அடுத்த ஃபீஸுக்குப் பணம் எடுக்கும் வாரமும் அசன்தான் பீடி சுற்றணும் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை, இலை வெட்டும் கத்தரியைத்தான் கொஞ்ச நாளாகக் காணோமாம்.