மூன்று டம்ளர் ஸ்காட்ச்

எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்து தங்குவார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தை ஒட்டிய தெரு எங்களுடையது. இங்கே அமைதி தேடாதவர்கள் வீட்டு ஓனர்கள் மட்டும்தான். அவர் வரும்போது ஒரு பாட்டில் விஸ்கி கொண்டுவருவார். இரண்டே நாளில் மனசு மாறி, இனி குடிப்பதில்லை என்று அதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு மலையைச் சுற்றப் போய்விடுவார். அடுத்த வருஷம் வேறொரு டிஸ்டிலரியின் பாட்டிலோடு வந்து இறங்குவார். மறுபடியும் மனசு மாறும். அப்படி அவருக்குப் புண்ணியமும் எங்கள் பீரோவில் மூன்று பாட்டிலும் சேர்ந்தன.

விஸ்கியைக் குடிப்பதற்கு முன்னால் மோந்து பார்க்க வேண்டும் என்று அவர் ஒருநாள் சொல்லிக்கொடுத்தார். பேங்க் வேலையிலிருந்து ரிட்டயராகி, பேப்பரை இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு அது மந்திர உபதேசம் மாதிரி ஆகிவிட்டது. டம்ளருக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "ஆப்பிள் வருது" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "பழைய மரப்பெட்டி வருது" என்பார். சாம்பாரில் பெருங்காயம் போட்டேனா இல்லையா என்று முப்பது வருஷமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் இவர்.

இரண்டு சீடர்களும் அமைந்தார்கள். ஒருவர் அரிசி மண்டி வைத்திருப்பவர், இன்னொருவர் கரெண்ட் ஆபீசில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் ஆளுக்கொரு வாய் ருசி பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே டம்ளர்தான் சுற்றும். எச்சில் படக்கூடாது என்று சீடர்கள் இருவரும் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஆசாரத்தை விட்டுவிட்டு டம்ளரை முகத்தோடு ஒட்டவைப்பார். அவர் ஆப்பிள் என்றால் அவர்கள் தலையாட்டுவார்கள்.

ஆடி மாசம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே வாசனையும் போய்விட்டது. என்னிடம்கூட அவர் சொல்லவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து தெரு வரைக்கும் நாற்றம் போயிருக்கிறது, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். சாப்பாடு பாதியானது. மண்ணைத் தின்பது மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் அசதி என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்து மண்டிக்காரர் இன்ஜினியரோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடறேன். அதுக்கு முன்னாடி மூணு பாட்டிலையும் ஒண்ணா வெச்சிப் பாத்துடணும். எது எதுன்னு பாக்காமலே நீங்க சொல்லணும்."

இன்ஜினியர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். "கண்ணாடி கிளாஸ் வேணாம், கலர் காட்டிக் குடுத்துடும். சில்வர் டம்ளர்ல அக்கா ஊத்தித் தரட்டும்" என்றார்.

அவர்கள் போனதும், "வயித்து வலின்னு சொல்லிடுங்க" என்றேன்.

"எத்தன வாரத்துக்கு? இந்த மூக்க வெச்சுதான் அவங்க என்னத் தேடி வராங்க. இதுவும் போச்சுன்னா நான் வெறும் பென்ஷன்காரன்தான்."

வருத்தமாக இருந்தது. அதனால் டம்ளருக்கு அடையாளம் வைத்து முன்கூட்டியே சொல்லிவிடும் திருட்டுத்தனத்துக்கு ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, கிச்சன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். குடித்தால்தானே தப்பு, மோந்து பார்த்தால் என்ன? ஆற்றுப் பள்ளத்தாக்கில் காய்ச்சிய முதல் பாட்டிலில் தேனும் கனிந்த வாழைப்பழமும் வந்தது. ஒயின் பீப்பாயில் ஊறிய இரண்டாவதில் உலர்ந்த திராட்சையும் கிராம்பும் வந்தது. மூன்றாவது ஏதோ கடல் தீவில் செய்தது, சதுப்பு மண்ணைக் கொளுத்திய புகையில் பார்லியைக் காயவைப்பார்களாம். நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண், வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்கிற ஊர். எனக்கு அது, மழையில் நனைந்த மல்லாட்டைக் கொடியைக் கொளுத்தினால் வருகிற வாசனைதான். கூடக் கொஞ்சம் ஆஸ்பத்திரி வாசனை. இதற்கா இவ்வளவு விலை என்று தோன்றியது.

அடையாளத்துக்கு எங்கள் கல்யாணத்தில் வந்த, பேர் வெட்டிய டம்ளர்களை எடுத்தேன். என் அம்மா வீட்டு டம்ளரில் தேன். எதிர்வீட்டுக்காரர் வைத்த டம்ளரில் திராட்சை. நாத்தனார் கொடுத்த டம்ளரில் புகை. பொருத்தம் பார்த்துத்தான் போட்டேன். வீட்டுக்காரர் அதைச் சிரிக்காமல் மனப்பாடம் செய்துகொண்டார்.

சாயங்காலம் இரண்டு சீடர்களும் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். நான் கிச்சனில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் அடித்தது. போய் அணைத்துவிட்டு வந்து மிச்சத்தை ஊற்றினேன். தீவு பாட்டிலில் ஒரு டம்ளரின் அடியை மறைக்கிற அளவுக்குத்தான் இருந்தது, கவிழ்த்து வடித்துவிட்டேன். மூன்றையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

அவர் என் அம்மா வீட்டு டம்ளரை எடுத்தார். பேரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அவர்கள் முன்னால் ஒப்புக்கு மூக்கருகே கொண்டுபோனார். தேன் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாண்ணே?" என்றார் மண்டிக்காரர்.

"புகை" என்றார் இவர்.

பாடம் மறந்துவிட்டது என்று எனக்குக் கோபம். கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இல்லம்மா. மல்லாட்டைக் கொடி எரியுது."

டம்ளரை வாங்கி மோந்து பார்த்தேன். புகைதான். குக்கரை அணைக்கப் போய்வந்ததில் டம்ளரை மாற்றி ஊற்றியிருக்கிறேன். எனக்கே தெரியாதது இவருக்கு எப்படித் தெரிந்தது? நிஜமாகவே வாசனை வந்திருக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். இன்ஜினியர் பதறிப்போய் ஃபேனைக் கூட்டிவைத்தார்.

வீட்டுக்காரரே எல்லாவற்றையும் சொன்னார், காய்ச்சல், மூக்கு, டம்ளர் ஏற்பாடு எல்லாம். பிறகு மற்ற இரண்டு டம்ளரையும் எடுத்து ரொம்ப நேரம் மோந்து பார்த்தார். "இதுல ஒண்ணும் வரல" என்று கீழே வைத்தார்.

மண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கு எப்பவுமே ஒண்ணும் வந்ததில்லண்ணே. நீங்க சொல்றதக் கேக்கத்தான் வரோம்."

"அண்ணாந்து ஊத்திக்கினா மூக்குக்கு எப்படி சார் வரும்?" என்றார் இன்ஜினியர், இதை முதல் நாளே கண்டுபிடித்தவர் மாதிரி.

அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளரில் மூக்கை விட்டார்கள். எதிர்வீட்டு டம்ளரில் பாயசம் வருகிறது என்று மண்டிக்காரர் சத்தியம் செய்தார். புகை டம்ளரை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகும் அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு குறையவில்லை.

"குடிச்சிடுங்களேன்" என்றேன்.

"குடிச்சா தீந்துடும்மா" என்றார்.