வலக் கை மரியாதை

தீவுத் துறைமுகத்தை ஒட்டிய மரைன் ஹில் மேட்டில் சிவஞானத்துக்கு இருந்த ஒரே நோய், தம்பிக்கு நோய் இருந்ததுதான்.

தம்பி ஜெகநாதன் ஒன்பது வயதில், ஐம்பத்தேழாம் வருஷம், கப்பலேறி மெயின்லேண்டு போய் நெஞ்சைத் திறந்துகொண்டு வந்தவன். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பிறவியிலேயே ஒடுங்கியிருந்ததாம். அதைச் சரிசெய்து அனுப்பினார்கள். அன்று முதல் வீட்டில் முட்டை அவனுக்கு, அம்மா ருக்குவின் கவலை அவனுக்கு. அடிவாரக் குழாயிலிருந்து மேடேறும் தண்ணீர்க் குடங்கள் மட்டும் சிவஞானத்துக்கு. பதினைந்து வயதில் ஆரம்பித்த குடம், துறைமுகத்தில் வேலை கிடைத்து மீசை வைத்த பிறகும் இறங்கவில்லை.

குடத்தைக்கூட மன்னித்துவிடுவான். கப்பலை மன்னிக்க முடியவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர், ஆயுள் முழுக்கப் பரிசோதனை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டிஸ்பென்சரியில் பிரஷர் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு வாங்கி, கப்பலின் பங்க் வகுப்பில் படுத்தபடி ஜெகநாதன் மெட்ராஸ் போவான். பக்கத்திலிருக்கும் பத்துபஸ்திக்குப் போகவே பஸ்சுக்குக் காத்துக் கிடக்கும் சிவஞானம் கப்பல்துறையில் நின்று கையாட்டுவான். குத்துக்கல் மாதிரி இருக்கிறவனுக்கு என்ன பரிசோதனை?

எழுபத்தைந்தாம் வருஷம் மறுபடி முறை வந்தது. தனக்கும் இரண்டு நாளாகத் தலை கனக்கிறது என்று சிவஞானமும் டிஸ்பென்சரி வரிசையில் சேர்ந்துகொண்டான். தலை கனத்தது நிஜமா என்பது அவனுக்கே தெரியாது.

அங்கே எல்லோருக்கும் இடக் கையில்தான் பிரஷர். மேஜை சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் வசதி அப்படி. ஜெகநாதனுக்கு மட்டும் வலக் கை. பழைய கம்பவுண்டர் எழுந்து ஸ்டூலைத் திருப்பிப் போடுவார். சிவஞானத்தின் கண்ணுக்கு அது பொன்னாடை போர்த்துவதுபோல இருக்கும். இந்த முறை இருந்தவர் புதியவர், அல்போன்ஸ். ஜெகநாதன் பையிலிருந்து தாளை எடுப்பதற்குள் பின்னாலிருந்து சிவஞானத்தின் குரல் வந்தது.

"கியா பாய், ஊருக்கெல்லாம் எடக் கை, தொரைக்கு மட்டும் வலக் கையா? எல்லாருக்கும் போலவே பாருங்க."

வரிசை சிரித்தது. ஜெகநாதன் தாளை உள்ளே தள்ளிவிட்டு இடக் கையை நீட்டினான். நூற்றுப் பதினாறு. பேஷான பிரஷர், சீட்டு எதற்கு என்று அல்போன்ஸ் அனுப்பிவிட்டார். அடுத்து உட்கார்ந்த சிவஞானத்துக்கு நூற்று அறுபத்தெட்டு. வீடு திரும்பும்போது அவன் நடையில் ஒரு மிதப்பு இருந்தது. குடும்பத்தின் நோயாளி இனி அவன்தான். அடுத்த முட்டை யாருக்கு என்று பார்த்துவிடலாம்.

முட்டை வரவில்லை. கப்பல் கிளம்ப நான்கு நாள் இருக்கையில், மேட்டில் பாதி வழியில் ஜெகநாதன் உட்கார்ந்துவிட்டான். கால் ஜில்லென்று கனக்கிறதாம், மண்டை இடிக்கிறதாம். நடிப்பில் தேறிவிட்டான் என்று நினைத்தபடி, சிவஞானம் அவன் இடக் கை மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கப்போனான். விரலுக்கடியில் துடிப்பே இல்லை. பதறி வலக் கையைப் பிடித்தான். அங்கே நாடி விரலைத் தள்ளியது.

"என்னடா இது?"

"அடைப்பைச் சரிபண்ண எடக் கைக்குப் போற குழாயத்தான் வெட்டித் திருப்பி ஒட்டினாங்கண்ணே. இந்தக் கையில அளந்தா எப்பவும் கம்மியாத்தான் காட்டும். அதுக்குத்தான் வலக் கை."

"அன்னிக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எனக்கு ஒரு குழாய் கூடுதலா வச்சு அனுப்பிட்டாங்கன்னு நீ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற. ஒண்ணு கொறச்சல்னா நம்புவியா?"

சிவஞானம் தம்பியைத் தாங்கி இறக்கி, டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய், வரிசையைத் தாண்டி உட்காரவைத்து, ஸ்டூலைத் தானே திருப்பிப் போட்டான். அன்று குறுக்கே பேசியது என் கெட்ட புத்தி, இவன் தாளைப் படியுங்கள் என்று அல்போன்சிடம் கேட்டுக்கொண்டான். வலக் கையில் இருநூறுக்குப் பத்துதான் குறைவு. சீட்டு உடனே வந்தது, துணைக்கு ஒருவர் போகலாம் என்ற குறிப்போடு.

இப்படியாக முப்பத்துமூன்று வயதில் சிவஞானம் கப்பல் பங்கில் படுத்தான். மூன்று நாளும் வாந்தி. ஜெகநாதன்தான் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தான்.

மெட்ராசில் டாக்டர் தம்பியை ஒரு மணி நேரம் பார்த்தார். இரண்டு கை, இரண்டு கால், எல்லா நாடியும். ஒட்டுப்போட்ட இடம் மறுபடி ஒடுங்கத் தொடங்கியிருக்கிறது, மாத்திரை வேண்டும், இனி வருஷா வருஷம் வர வேண்டும், ஒடுங்காவிட்டாலும் இந்தக் குழாய்களை ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும் என்றார். சிவஞானமும் கையை நீட்டினான். கருவாட்டைக் குறையுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது அவனுக்கு இன்றும் ஆறவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு டிஸ்பென்சரியில் ஜெகநாதன் இடக் கையை யாரும் தொட முடியாது. வரிசையில் எவனாவது முணுமுணுத்தால் சிவஞானம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். தம்பி எழுந்ததும் அந்தத் திருப்பிய ஸ்டூலில் தான் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொள்வான்.

"அல்போன்ஸ் பாய், எனக்கும் வலக் கைதான்."