பாதியில் வந்த திசை

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. சண்டையில் இடம்பெயர்ந்திருந்து, மயிலிட்டிக்குத் திரும்பி வந்து கட்டிய கல்வீடு. புட்டு அவிக்கிற குசினியின் வெளிச்சுவரில் ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு சீலைப்பையைக் கொழுவி, போனை அதற்குள் வைத்திருப்பேன். அந்த ஓரிடத்தில்தான் இரண்டு கோடு காட்டும். யாரும் கோல் எடுத்தால் பைக்குள் கையை விட்டு ஸ்பீக்கரைப் போட்டு, சுவரோடு முகத்தை வைத்துக் கதைக்க வேண்டும். வெளியே எடுத்தால் அறுந்துவிடும்.

அன்றைக்கு, முதல் நாள் பின்னேரம் கடலுக்குப் போன என் கணவரும் அவருடைய தம்பியும் காலை ஏழு மணிக்குக் கரைக்கு வந்திருக்க வேண்டும். எட்டரையாகியும் காணவில்லை. அவித்த புட்டு ஆறிப்போய்விட்டது. ஒன்பது மணிக்குக் கிட்ட போன் அடித்தது. ஓடினேன்.

“இஞ்சை, எஞ்சின் நிண்டு போச்சு. நாங்கள்…” பிறகு ஒரே இரைச்சல். “…க்கால. ஆக்களை அனுப்…”

அவ்வளவுதான்.

திருப்பிக் கோல் எடுத்தேன். தொடர்பு கொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் முதலில் சிங்களத்தில் சொன்னது, பிறகு தமிழில், பிறகு இங்கிலீசில். ஏழெட்டுத் தரம் அந்த மூன்றையும் கேட்ட பிறகுதான் துறைமுகத்துக்கு ஓட வேண்டும் என்ற புத்தி வந்தது.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் துறைமுக வாசலில் நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“எந்தப் பக்கமாம், தங்கச்சி?”

“க்கால எண்டதுதான் அண்ணை கேட்டது.”

“கிழக்காலயோ, மேற்காலயோ?”

“தெரியாது அண்ணை. முன்பாதி வரேல்லை.”

அவர் கடலில் காற்று அடிக்கும் பக்கத்தைப் பார்த்தார். “சோளகக் காத்து அடிக்குது. கிழக்காலதான் இழுத்திருக்கும்” என்றார். உடனே போகக்கூடிய நிலையில் ஒரு படகுதான் நின்றது. அது கிழக்கே போனது.

ஐஸ் அறையின் சுவரோரம் குந்தியிருந்தேன். துறைமுகத்தில் என் போனுக்கு நாலு கோடும் நிறைந்து நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. என் பக்கம் இருந்து என்ன, அவர் பக்கம் இல்லையே. அந்தச் சொல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். ஒருமுறை ‘கி’ கேட்டது போல இருந்தது, அடுத்த முறை ‘மே’. கடைசியில் இரண்டையும் நானே போட்டுக்கொள்கிறேன் என்று விளங்கியது.

பதினொன்றரைக்குப் படகு வெறுமையாகத் திரும்பி வந்தது. எண்ணெய் ஊற்றிக்கொண்டு மேற்கே போனார்கள். இரண்டு மணிக்கு என் கணவரின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் முடிந்து, உதடு வெடித்து, இரண்டு பேரும் கறுத்துப்போயிருந்தார்கள். கரையில் கால் வைத்ததும் அவர் கேட்டது இதுதான்:

“மேற்கால எண்டு மூண்டு தரம் கத்தினன். உனக்கு விளங்கேல்லையே?”

வீட்டுக்கு வந்து புட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாக அவித்தேன்.

அடுத்த கிழமை சுன்னாகத்தில் இருக்கிற போன் கம்பனிக் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதில் இருந்த வரைபடத்தில் எங்கள் ஊர் முழுக்க நிறம் பூசியிருந்தது. கடலுக்குள்ளும் கொஞ்சத் தூரம் பூசியிருந்தார்கள்.

“உங்கடை ஏரியா முழுக்கக் கவரேஜ் இருக்கு, அன்ரி.”

“என்ரை குசினிக்குள்ள இல்லை, பிள்ளை. கடலிலையும் இல்லை.”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. “நான் என்ன செய்யிறது அன்ரி, ஒரு முறைப்பாடு போட்டு விடுறன். உங்களுக்குக் கோல் எடுப்பினம்” என்று எழுதிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துப் பைக்குள் ஒரு மெசேஜ் வந்து கிடந்தது. இரண்டு தடவை அழைத்தும் என்னைத் தொடர்பு கொள்ள முடியவில்லையாம். ஆகவே முறைப்பாடு முடிக்கப்பட்டதாம்.

அவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, “விடு” என்றார்.

இப்போதெல்லாம் போகும்போதே எந்தப் பக்கம் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். நானும் கேட்டு வைத்துக்கொள்கிறேன். ஆனால் மீன் இல்லாவிட்டால் அவர்கள் வேறு பக்கம்தான் போவார்கள். அது எனக்கும் தெரியும்.