எண்ணூறு மைல்

டயரைக் கண்டால் பூலோகம் முதலில் புறங்கையைத்தான் வைப்பார். இருபது வருஷமாகக் கொதிக்கும் அச்சில் ரப்பரை அமுக்கி அமுக்கி உள்ளங்கை காய்த்து, விரல் நுனிகள் மரத்துவிட்டன. சுடுகஞ்சி கொட்டினாலும் உறைக்காது. புறங்கையில்தான் இன்னும் உயிர் இருக்கிறது. அதை டயரின் மேல் குறுக்காக ஒரு தரம் உள்ளே தள்ளுவார், ஒரு தரம் வெளியே இழுப்பார். தள்ளும்போது வழுக்கி, இழுக்கும்போது அரம் மாதிரி அறுத்தால் சக்கரம் கோணல். நடுவில் மட்டும் வழுவழுவென்று இருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று போதவில்லை. இதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. ரப்பர் பட்டை பட்டையாக உரிந்திருந்தால்தான் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

"இது டயர் நோவு இல்லவே, ஓட்டுதவன் நோவு. டயரு தேயுதது ரோட்டுல இல்ல, சீட்டுல" என்பார்.

மாட்டுங்காவுக்குக் காய்கறி வாங்கப் போனாலும் அந்தக் கை சும்மா இருக்காது. நிற்கிற காரெல்லாம் அதற்குச் சொந்தம். கூர்க்கா ஓடிவந்து விரட்டினால், முகம் தெரியாத அந்தக் கார்க்காரனைக் கூர்க்காவிடமே ஏசிவிட்டு வருவார். "ஒங்க சாப் பிரேக்க மிதிக்கானா, பாம்ப மிதிக்கானா? நல்ல ரப்பர இப்பிடிக் கொன்னு போட்டிருக்கான்!" கூர்க்காவுக்குத் தமிழ் தெரியாது. பூலோகத்துக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது.

பம்பாய்த் தாராவியில் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு அடுத்தாற்போல், நாலு தகரத்தையும் ஒரு சாக்குப் படுதாவையும் சேர்த்துக் கட்டியதுதான் அவர் பட்டறை. தோல் நாற்றத்தோடு கந்தக நாற்றமும் கூட்டணி போட்டுக்கொண்டு, வருகிறவனை வாசலிலேயே வழிமறிக்கும். அதற்குள் உட்கார்ந்து காலையிலிருந்து ஏசிக்கொண்டே வேலை செய்வார். ஆணியை ஏசுவார், ஆணி கிடந்த ரோட்டை ஏசுவார், ரோடு போட்ட காண்டிராக்டரை ஏசுவார். மனைவி பேராச்சி சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு, "இன்னைக்கு யாரும் கெடைக்கலையா, சத்தத்தையே காணோம்?" என்று கேட்ட நாள் வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான்.

யுத்தத்தில் மலேயாவும் பர்மாவும் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பர் தங்கமாகிவிட்டது. புது டயருக்குப் பர்மிட். பர்மிட்டுக்கு மனு. பழைய டயர் இனி ஒன்றுக்கும் ஆகாது என்று ரிப்பேர்க்காரன் ஒருவன் உறுதி சொன்னால்தான் மனு நகரும். மற்றவர்கள் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாத பூலோகம் சூட்டுக்கோல் ஒன்று அடித்து வைத்துக்கொண்டார். வட்டம், அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு. செத்த டயரின் பக்கவாட்டில் அதைப் பழுக்கக் காய்ச்சி வைத்து, பத்து எண்ணும் வரை அழுத்துவார். ஒன்பதில் எடுத்தால் முத்திரை மங்கும், பதினொன்றானால் ரப்பர் இளகி வழியும். அந்த முத்திரையைப் பார்த்தால் பர்மிட் ஆபீஸில் மறு கேள்வி கிடையாது. ஏனென்றால் உயிருள்ள டயருக்கு அவர் சூடு வைக்கமாட்டார். அழுதாலும் மாட்டார், காலில் விழுந்தாலும் மாட்டார். அதில் அவருக்குக் கொள்ளைத் திமிர்.

அந்தத் திமிரில்தான் மண் விழுந்தது.

பங்குனியில் ஒரு நாள் பட்டறை வாசலில் சிவப்பு நிறத்தில் இரண்டே பேர் உட்காரும் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மலபார் ஹில்லில் இருக்கிற மில் முதலாளியின் மகன். சின்ன சேட் என்று ஊரே சொல்லும். ஊருக்கெல்லாம் பெட்ரோல் கூப்பன், அவனுக்கு மட்டும் எங்கிருந்து சுரந்ததோ. கடற்கரைக் கான்கிரீட் ரோட்டில் சாயங்காலமானால் சிநேகிதர்களோடு பந்தயம். கிளம்பும்போது பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகையும். திருப்பத்தில் வண்டி பக்கவாட்டில் இழுபடும். பொறுப்பாக ஓட்டினால் அந்த மாதிரி வண்டிக்குப் பின் டயர் பன்னிரண்டாயிரம் மைல் வரும். இவனுக்கு நாலாயிரத்தில் பல்லிளித்துவிட்டது.

இளித்ததே தவிர சாகவில்லை. மேல் ரப்பர் போட்டால் இன்னும் ஐயாயிரம் ஓடும் என்று பூலோகத்தின் புறங்கை சொன்னது. முத்திரை கேட்டு வந்த சின்ன சேட் வாதாடவில்லை. பக்கத்து சீட்டைக் காட்டி ஏறச் சொன்னான். தாராவியிலிருந்து மாஹிம் வரை போய்த் திரும்பினார்கள். மேலே கூரை இல்லை. தரை ஒரு சாண் கீழே ஓடியது. ஆயுள் முழுக்க சக்கரத்துக்குக் கீழேயே படுத்துக் கிடந்த மனுஷன், முதல் தடவையாக அதற்கு மேலே உட்கார்ந்து போனார். முடி குத்திட்டு நிற்க, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே இறங்கினார். இறங்கின சூட்டோடு இரண்டு டயருக்கும் முத்திரை வைத்துவிட்டார். ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதே வாரம் ஜமால் வந்தான். கடையநல்லூர்ப் பையன், டாக்சி ஓட்டுகிறவன், எதிர்ச் சந்தில் குடியிருக்கிறவன். பெட்ரோல் கிடைக்காமல், அடுப்புக்கரியை எரித்து அந்த வாயுவில் வண்டியை ஓட்டும் கொதிகலன் ஒன்றை டாக்சியின் பின்னால் மாட்டியிருந்தான்.

"அண்ணாச்சி, பின் டயரு ரெண்டும் போச்சு. ஒரு சூடு வச்சிக் குடுத்திருங்க."

பூலோகம் புறங்கையை வைத்துப் பார்த்தார். "ஏல, எண்ணூறு மைல் கெடக்குல இதுல. தாராளமா ஓடும். நாளைக்கே சாவப்போற கெழவி மாதிரி எதுக்குப் பொலம்புத? போ, போயி ஓட்டு."

ஜமால் போய் ஓட்டினான். இருநூறாவது மைலில், சயான் ஏற்றத்தில், டயர் வெடித்தது. வண்டி விளக்குக் கம்பத்தில் மோதி அவன் வலது கணுக்கால் நொறுங்கியது. மேல் ரப்பரில் எண்ணூறு மைல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கொதிகலனின் பாரம் முழுக்கப் பின் டயரில் இறங்கி உள்நூலை அறுத்துக்கொண்டிருந்தது. மேலே தடவிய புறங்கை உள்ளே நுழைந்து பார்க்கவில்லை. கண்ணெதிரே இரும்பு அண்டா மாதிரி தொங்கிய பாரத்தை, ஊரில் டயருக்குத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்திருந்த மனுஷன் மறந்துபோனார்.

மறுநாளே அந்த இரண்டு டயருக்கும் முத்திரை வைத்தார். செத்த பிறகு கொடுத்த மருந்து. டாக்சி எதிரே செங்கல்லின் மேல் நின்றது. ஜமால் கட்டுப்போட்ட காலை நீட்டி அதன் படியில் உட்கார்ந்திருப்பான். ஒரு சொல் குத்திச் சொன்னதில்லை. "ரோட்டுல ஏதாச்சும் ஆணி கெடந்துருக்கும் அண்ணாச்சி. நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும்" என்பான். அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் பூலோகம் பிழைத்திருப்பார். அந்த மரியாதைதான் அவரைத் தின்றது. அதிலிருந்து அவருடைய ஏச்சில் ஆணியும் ரோடும் வருவது குறைந்தது. "ஒரு சவாரிக்கு வெலபோன பய" என்று யாரையோ ஏசுவார். அது யார் என்று பேராச்சிக்குத் தெரியும்.

ஆனி மாசம், பர்மிட் ஆபீஸ் குமாஸ்தா பஞ்சு சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுப் போட வந்தார். மாட்டுங்காக்காரர், பயந்த சுபாவம். வார்த்தையை அக்கம்பக்கம் பார்த்துத்தான் வெளியே விடுவார்.

"பூலோகம், இந்த மாசம் பத்தொம்பது அங்குலத்துல ரெண்டே டயர்தான் வந்திருக்கு. மனுவும் ரெண்டாக்கும், ரெண்டும் ஜோடியாக் கேட்டு. ஒண்ணு உம்ம ஜமாலோடது. அவனுக்கு எல்லாம் சரியா இருக்கு. இன்னொண்ணு அந்தச் செகப்புக் கார். அதுக்கு உம்ம முத்திரை ஒண்ணுதான் பாக்கி. அது வந்துடுத்துன்னா, மேல இருக்கறவா யாருக்குக் குடுப்பான்னு நான் சொல்லணுமா?"

"மூணு மாசந்தான சாமி ஆச்சி அவன் புது டயரு மாட்டி!"

"எனக்குத் தெரியாதா? ஆனாக்க ஒண்ணு கேட்டுக்கோரும். உம்ம கொட்டகை நிக்கற நிலம் அந்தச் சின்ன சேட்டோட மாமாவோடது. ஆத்திரப்படாம நடந்துக்கோரும்." பஞ்சு ட்யூபைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் பகலில் சிவப்புக் கார் வந்தது. பூலோகம் எழுந்து போய்ப் பின் டயரில் புறங்கையை வைத்தார். சூடு ஆறவில்லை. பட்டை பட்டையாக உரிந்திருந்தது. எத்தனை மைல் என்று கேட்டார். மூவாயிரம் என்று சின்ன சேட் பெருமையாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பூனாவுக்குப் பந்தயமாம், புது டயர் வேண்டுமாம், சீக்கிரம் சூடு போடச் சொன்னான்.

"நஹி சாப்" என்றார் பூலோகம். தன் பம்பாய் ஹிந்தியில், இந்த டயருக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது, மேல் ரப்பர் போட்டால் நாலாயிரம் ஓடும், பொய்ச் சூடு வைக்கமாட்டேன் என்று சொன்னார்.  சொன்னது பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

சின்ன சேட் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவன் இறங்கிக் கதவைத் திறந்து வைத்தான். ஓட்டுகிறவன் உட்காரும் பழுப்புத் தோல் சீட்டை, நாயை ஏறச் சொல்லித் தட்டுவது போல் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஆவோ பூலோகம், பைட்டோ! ஆஜ் தூ சலா."

வா, உட்கார், இன்றைக்கு நீயே ஓட்டு. பூலோகத்தின் விலை என்ன என்று அவனுக்கு மாஹிம் போய் வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. இப்போது விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்கிறான், அவ்வளவுதான்.  பூலோகம் எதிரே பார்த்தார். செங்கல்லின் மேல் நிற்கும் டாக்சியின் படியில் ஜமால் இருந்தான். அண்ணாச்சிக்குச் சங்கடம் வேண்டாம் என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

பூலோகம் உள்ளே போனார். உலையிலிருந்து சூட்டுக்கோலை உருவினார். முனை செக்கச்செவேலென்று பழுத்திருந்தது. அதை ஏந்திக்கொண்டு வெளியே வந்ததும் சின்ன சேட் "ஷாபாஷ்!" என்று சொல்லி, பின் டயருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

பூலோகம் டயரைத் தாண்டிப் போனார். திறந்திருந்த கதவுக்குள் குனிந்து, பழுப்புத் தோல் சீட்டின் நட்டநடுவில் கோலை வைத்து அழுத்தினார். தோல் சீறிப் புகைந்தது. சின்ன சேட் அலறிக்கொண்டு வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை கிழிந்தது. கை அசையவில்லை.

"ஒண்ணு" என்று உரக்க எண்ணத் தொடங்கினார் பூலோகம். ஒன்றையும் விடாமல் பத்து வரை எண்ணினார்.