வெஞ்சனம் என்று எழுதிய பிள்ளை

இரணைமடுக் குளத்துக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில் இருந்த அந்தப் பாடசாலையில் நான் ஆறு வருடம் தமிழ் படிப்பித்தேன். பளையிலிருந்து பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்து, தெரிந்தவர் வீட்டில் விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல்களுக்கு நடுவே போவேன். வழியெல்லாம் அன்றைக்கு எழுதப்போகும் சொற்களை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சொல்வளம் என்றால் எனக்கு அவ்வளவு பைத்தியம்.

ஒவ்வொரு நாளும் கரும்பலகையில் பத்துச் சொற்கள், எதிரே கருத்து. தரம் எட்டுப் பிள்ளைகள் அவற்றைப் பாடமாக்கி, சோதனையில் பிசகாமல் எழுதிவிடுவார்கள். ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால் மழையும் அழகாக இருக்கும், திருவிழாவும் அழகாக இருக்கும், மாமா வீட்டுக்குப் போன பயணமும் அழகாகவே முடியும். நான் கொடுத்த சொற்களில் ஒன்றுகூட உள்ளே வந்திருக்காது.

அந்த வகுப்பில் பெரும்பாலானவர்கள் குடாநாட்டிலிருந்து வந்து காணி பெற்று வயல் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களின் பேச்சுத்தான் என் பேச்சும். மூன்றாவது வரிசையில் இருந்த ஒருத்தியின் குடும்பம் மட்டும் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தது; அவர்களின் பேச்சு வேறு. தாயும் தகப்பனும் கூலிக்கு வயல் வேலை செய்தார்கள். அவள் அதிகம் கதைக்கமாட்டாள். எழுதத் தொடங்கினால் பக்கம் பக்கமாக எழுதுவாள்.

ஒருமுறை மழை நாளைப் பற்றிக் கட்டுரை கொடுத்தேன். வெஞ்சனத்துக்கு ஒன்றும் இல்லாததால் அம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முருங்கைக் கீரை ஒடிக்கப் போனார் என்று அவள் எழுதியிருந்தாள். 'வெஞ்சனம்' என்ற சொல்லைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, மேலே 'கறி' என்று எழுதினேன். அத்தோடு விட்டிருக்கலாம். அதை வகுப்பில் வாசித்து, இப்படி ஒரு சொல் தமிழில் இல்லை என்றும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இடைவேளையில் சிலர் அவளை அந்தச் சொல்லாலேயே கூப்பிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன்பின் அவளுடைய கட்டுரைகள் நாலு வரியாகச் சுருங்கின. அவளுடைய மழையும் அழகாகிவிட்டது.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய தாய் வயலிலிருந்து நேரே வந்திருந்தார். கால் விரல்களில் சேறு காய்ந்திருந்தது. கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. நின்றபடியே மகளின் புள்ளிகளைக் கேட்டார். போகத் திரும்பியவர் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சர், வெஞ்சனம்னு சொன்னா தப்புங்களா? எங்கம்மா சொன்னது, நான் சொல்றேன், அதக் கேட்டு புள்ளையும் சொல்லுது. தப்புன்னா சொல்லுங்க, வீட்டுல மாத்திக்கிறோம்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் நூலகத்துக்குப் போய் அகராதியை எடுத்தேன். அந்தச் சொல் அதில் இருந்தது. சோற்றோடு சேர்த்து உண்பது என்று பொருளும் இருந்தது. ஒரு குடும்பம் என்னால் தன் பேச்சையே மாற்றிக்கொள்ளத் தயாராகிவிட்டது.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "அந்தச் சொல் எனக்குத்தான் தெரியேல்லை. தெரியாததை இல்லையெண்டு சொல்லிப்போட்டன். பிழை என்னிலதான். குறை நினையாதை பிள்ளை. வீட்டிலயும் சொல்லு, வெஞ்சனம் சரியான சொல்லுத்தான்."

அவள் மேசையைப் பார்த்தபடி இருந்தாள். நிமிரவேயில்லை.

பத்துச் சொல் எழுதுவதை அன்றோடு நிறுத்தினேன். வீட்டில் பேசும் சொற்களில், புத்தகத்தில் காணாத ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவரவேண்டும் என்றேன். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு ஒருவன், குளம் நிரம்பி வழிந்தால் ஏன் 'வான் பாயுது' என்கிறோம் என்று கேட்டான். வானத்திலிருந்து வந்த தண்ணீர் என்பதாலா, வேறு ஏதாவதா என்று ஒரு பாடவேளை முழுக்கச் சண்டை. எனக்கும் விடை தெரியாது என்று சொன்னபோது அவர்களுக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது.

அவள் மட்டும் ஒரு மாதமாக ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு மதியம், வானம் மூடிக்கிடந்தும் புழுக்கம் தாங்காமல் எல்லோரும் கொப்பியால் விசிறிக்கொண்டிருந்தபோது கையைப் பாதி தூக்கினாள்.

"ஊமை வெயில், டீச்சர்."

விளக்கச் சொன்னேன். எழுந்து நின்றாள். "வெயில் தெரியாது. ஆனா சுடும்."

பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த இன்னொருத்தி குனிந்து அதை எழுதிக்கொண்டாள். அந்தத் தவணைக் கட்டுரைகளில் ஏழெட்டுப் பேரின் கொப்பிகளில் ஊமை வெயில் அடித்தது. அவளும் மீண்டும் பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினாள். அந்தக் கொப்பிகளைத் திருத்திய மத்தியானங்கள் இப்போதும் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன.

இப்போது நான் வவுனியாவில் படிப்பிக்கிறேன். போன வருடம் பஸ் நிலையத்தில் அந்தத் தாயைக் கண்டேன். அவர்தான் என்னை அடையாளம் பிடித்தார். வீட்டுக்குப் பக்கத்து முன்பள்ளியில் மகள் ஆசிரியையாக இருக்கிறாளாம்.

"இப்ப ஆமான்னே சொல்றதில்ல, எதுக்கெடுத்தாலும் உங்க மாதிரி ஓம், ஓம்னுதான் பேசுறா டீச்சர். நமக்குத்தான் அந்த வாய் வரல" என்றார். இருவரும் சிரித்தோம்.

பஸ் வந்ததும் அவருடைய பையைத் தூக்கிக் கொடுத்தேன். யன்னலோரம் இருந்தபடி, ஒருநாள் வீட்டுக்கு வரச் சொன்னார். வாறன் என்றேன். இன்னும் போகவில்லை. போகவேண்டும்.